பாஸ்டன் வீட்டுக் காகிதங்கள்

இங்கிலாந்தின் நாரிச் நகரத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று எனக்குத் தெரியாது. மழை பெய்தால் ஒரே போக்கிடம், ஊர் நடுவில் மேட்டின் மேல் நிற்கும் பழைய கோட்டை. அதற்குள் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேதான் அந்தப் பெரிய ஓவியத்தைப் பார்த்தேன். 1660களில் வரைந்தது. வெள்ளிக்கால் வைத்த நாட்டிலஸ் சங்குகள், சிவந்த கல் இறால், கிளி, கறுப்பு இளைஞன் ஒருவன், அவன் தோளில் குரங்கு, கையில் ரோஜாவோடு ஒரு சிறுமி, மணல் கடிகாரம், அணையப்போகும் மெழுகுவத்தி. ஒரு சந்தைக்கடையைத் தூக்கி மேசையில் கவிழ்த்தது போல இருந்தது. இவ்வளவும் இருக்கிறது, இதற்குச் சொந்தக்காரரை மட்டும் படத்தில் காணோம்.

கீழே பாஸ்டன் குடும்பம் என்று எழுதியிருந்தது. அமெரிக்காவில் இருக்கும் பாஸ்டன் அல்ல. நார்ஃபோக் மாவட்டத்தின் வடகிழக்குக் கடலோரத்தில் அந்தப் பெயரில் ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரே குடும்பப் பெயர். படத்தில் இருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை பிறகு கடனுக்காகக் கைமாறிப் போனவை என்று தெரிந்ததும் எனக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. விற்றவர்கள் கதையைவிட, இதையெல்லாம் முதலில் சேர்த்தவர்கள் யார் என்று பார்ப்போமே என்று தோன்றியது. அப்படித் தொடங்கியது ஒன்றரை வருடம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இங்கே ஒரு பழைய நிலக்கிழார் குடும்பத்தைப் பின்தொடர்ந்து போனால் வழக்கமாக என்ன கிடைக்கும்? கிரையப் பத்திரங்கள், உயில்கள், பண்ணை நீதிமன்றச் சுருள்கள், தேவாலயத்தில் கல்லறை, அதன் மேல் குலச்சின்னம். எல்லாமே குடும்பம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டவை. பாஸ்டன்கள் விஷயத்தில் அதிர்ஷ்டம் வேறு மாதிரி. 1422க்கும் 1509க்கும் நடுவில் மூன்று தலைமுறை எழுதிக்கொண்ட கடிதங்களும் தாள்களும் ஆயிரத்துக்கு மேல் பிழைத்திருக்கின்றன. எல்லாம் அச்சிலும் வந்துவிட்டன. அந்தக் காலத்து எழுத்துக்கூட்டல் முதல் பத்துப் பக்கம் படுத்தும், அப்புறம் பழகிவிடும். வாய்விட்டுப் படித்தால் பாதி புரிந்துவிடுகிறது.

முதலில் என்னை நிறுத்தியது கடிதம் அல்ல. பெயர் போடாத யாரோ ஒருவர், இந்தக் குடும்பத்தின் மானத்தை வாங்குவதற்கென்றே எழுதிவைத்த ஒரு குறிப்பு. மரியாதைக்குரிய பாஸ்டன் வம்சத்தைப் பற்றிய நினைவுக் குறிப்பு என்று தலைப்பிலேயே குத்தல் இருக்கிறது. அதில் வருபவர்தான் கிளெமென்ட் பாஸ்டன். குறிப்பு சொல்வது ஏறக்குறைய இது: நல்ல, எளிய உழவர். தனக்கு இருந்த நிலத்தில் பிழைத்தவர். குளிர்காலமும் கோடையும் ஒரே ஏர் ஓட்டினார். சேணம் இல்லாத குதிரையில் தானிய மூட்டையைத் தனக்கடியில் போட்டு ஆலைக்குப் போவார், மாவையும் அதே மாதிரி உட்கார்ந்து வீட்டுக்குக் கொண்டுவருவார். வண்டியில் தானியம் ஏற்றி விண்டர்ட்டனுக்கு ஓட்டிப்போய் விற்பார், ஒரு நல்ல உழவர் செய்ய வேண்டியபடியே.

நிலம் நூறு, மிஞ்சினால் நூற்றிருபது ஏக்கர். அதிலும் பெரும்பகுதி பக்கத்து கிமிங்கம் பண்ணைக்குக் கட்டுப்பட்ட அடிமை நிலம். கூடவே வருமானம் இல்லாத ஒரு சின்ன நீராலை. மனைவி பண்ணையடிமைக் குடும்பத்துப் பெண். அவளுடைய அண்ணனோ தம்பியோ ஜெஃப்ரி சோமர்ட்டன், அவரும் அடிமைதான், ஆனால் பாவமன்னிப்புச் சீட்டு விற்பதும் வக்கீல் தொழிலும் சேர்த்துப் பார்த்துக் காசு சேர்த்தவர். கிளெமென்ட் தன் மகன் வில்லியமைப் பள்ளிக்கு அனுப்பினார், அதற்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது. பிறகு தாய்மாமன் கைகொடுக்க, பையன் சட்டம் படித்தான்.

இதை எழுதியவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருப்பார். படிக்கிற எனக்கோ இந்தக் குடும்பத்தில் முதலில் பிடித்துப்போனவர் கிளெமென்ட்தான். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைத்தார் என்பதை ஒரு குற்றமாகச் சொன்னால் நாம் எப்படி அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வது?

கிளெமென்ட் 1419இல் இறந்தார். மகன் வில்லியம் 1429இல் நீதிபதி. பெரிய இடத்துப் பெண் ஆக்னஸைக் கட்டிக்கொண்டு, கிடைத்த பண்ணைகளை எல்லாம் வாங்கிப் போட்டார். பாஸ்டன் ஊரில் வீட்டை ஒட்டிப் போன பொதுப்பாதையைத் திருப்பிவிட முனைந்தார். அவர் போன பிறகு ஆக்னஸ் அங்கே எழுப்பிய சுவரை ஊர்க்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். ஏர் ஓட்டியவரின் மகன் எப்போது இப்படி மாறினார் என்று அந்த ஊர்க்காரர்களும் கேட்டிருப்பார்கள். நீதிபதிக்கு இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. பாஸ்டனில் குடியிருக்கிறவன் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவனாக இருக்க வேண்டும், அதனால் சட்டம் படி என்று அவர் அடிக்கடி சொல்வாராம். அவர் இறந்த அடுத்த வருடம் ஆக்னஸ் ஒரு மகனுக்கு இதை நினைவுபடுத்தி எழுதியிருக்கிறார்.

காத்துக்கொள்ள வேண்டிய வேளை சீக்கிரமே வந்தது. நீதிபதியின் மூத்த மகன் ஜான். அவர் மனைவி மார்கரெட், மாட்பி கிராமத்தின் வாரிசு. கிரெஷம் என்ற பண்ணையை நீதிபதி முறையாகக் காசு கொடுத்து வாங்கியிருந்தார். 1448இல் மோலின்ஸ் பிரபு அது தனக்குச் சேர வேண்டியது என்று ஆட்களை அனுப்பிப் பிடித்துக்கொண்டார். பத்திரம் ஒருவரிடம், அனுபவம் இன்னொருவர் கையில். நமக்குத் தெரியாத விவகாரமா இது? கணவர் வழக்கு விஷயமாக லண்டனில். மார்கரெட் கிரெஷமிலேயே, எதிராளிகளின் கண்ணெதிரே ஒரு வீட்டில். அங்கிருந்து அவர் எழுதிய கடிதத்தை நான் குறைந்தது இருபது முறை படித்திருப்பேன்.

வில்பொறிகள் சில வாங்கி அனுப்புங்கள் என்று ஆரம்பிக்கிறார். நாண் இழுக்கும் கருவியும் அம்புகளும் சேர்த்து. நீள வில் வேண்டாம், இங்கே வீடுகளின் உயரம் போதாது, உள்ளே நின்று நீள வில்லால் எய்ய முடியாது என்கிறார். அதாவது நின்று பார்த்திருக்கிறார். கதவுப் பக்கம் வைக்க இரண்டு மூன்று குட்டைக் கோடரிகள் வேண்டும். எதிராளிகள் கதவுக்குக் குறுக்குக்கட்டை போட்டிருக்கிறார்கள், சுவரில் துளை போட்டிருக்கிறார்கள், எத்தனை துளை என்பதெல்லாம் எழுதுகிறார். அதே கடிதத்தில், மூச்சுவிடாமல்: ஒரு பவுண்டு பாதாமும் ஒரு பவுண்டு சர்க்கரையும் வாங்கி அனுப்புங்கள், பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்கக் கம்பளித் துணியும் வேண்டும். அதற்கு எந்தக் கடையில் நல்ல சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டதையும் சொல்லிவிடுகிறார்.

சொத்துச் சண்டை, போர்க்கருவி, மளிகைச் சாமான், துணிக்கடை எல்லாம் ஒரே தாளில். ஒரு வம்சத்தின் வரலாறு என்று எழுதும்போது இதில் முதல் இரண்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சர்க்கரையில்தான் மார்கரெட் நிற்கிறார்.

1450 ஜனவரியில் பிரபுவின் ஆட்கள் வந்தே விட்டார்கள். ஆயிரம் பேர் என்று ஜான் மனு போட்டிருக்கிறார், மனுவில் எழுதும் எண்ணிக்கையை நாம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் மார்கரெட்டும் இன்னும் பன்னிரண்டு பேரும். அவர் இருந்த அறையின் சுவருக்கு அடியில் தோண்டி, அவரை வெளியே தூக்கிக் கொண்டுபோய் வாசலுக்கு அப்பால் விட்டார்கள். அப்புறம் வீட்டின் தூண்களை வெட்டிச் சாய்த்தார்கள்.

இதற்கும் பெரிய வழக்கு பின்னால் காத்திருந்தது. பிரான்சில் போரிட்டுப் பெரும்பணம் சேர்த்த சர் ஜான் ஃபாஸ்டால்ஃபுக்குப் பிள்ளை இல்லை. கெய்ஸ்ட்டரில் செங்கல்லில் கோட்டை கட்டியிருந்தார். அவருடைய சட்ட ஆலோசகர் ஜான் பாஸ்டன். 1459 நவம்பரில் கிழவர் இறந்தார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு வாய்மொழியாகச் சொத்தை எனக்கு எழுதினார் என்றார் ஜான். மற்ற உயில் நிர்வாகிகள் அதை நம்பவில்லை. நானும் நம்பத் தயாராக இல்லை, ஆனால் ஜானுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னவர்களும் இருந்தார்கள். வழக்கு ஜானின் ஆயுளைத் தின்றது. ஃப்ளீட் சிறைக்கும் போய்வந்தார்.

அந்த நேரத்தில்தான் எதிரிகள் பழைய அம்பை எடுத்தார்கள். இவன் கனவானே அல்ல, இவன் வம்சம் அடிமை வம்சம் என்று அரசர் காதில் போட்டார்கள். இது வெறும் வசவு அல்ல. அடிமை வம்சம் என்று நிரூபித்துவிட்டால் சொத்து முழுதும் ஆட்டம் கண்டுவிடும். பாஸ்டன்கள் ஒரு வம்சாவளியோடு வந்தார்கள். நார்மன் படையெடுப்பை ஒட்டி பிரான்சிலிருந்து வந்த வுல்ஸ்டன் என்பவர்தான் எங்கள் மூதாதை. பத்திரங்கள் இதோ. பாஸ்டனில் நினைவுக்கு எட்டாத காலம் முதல் எங்களுக்கு நீதிமன்றம் உண்டு, எங்களுக்குக் கீழே அடிமைகளும் உண்டு. 1466 ஜூலையில் நான்காம் எட்வர்ட் இதை ஏற்று, இவர்கள் கனவான்களே என்று அறிவித்தார்.

அடிமைகள் உண்டாம். பண்ணையடிமைப் பெண்ணின் பேரர்களும் கொள்ளுப்பேரனும் அரசர் முன் காட்டிய சான்றில் இது இருந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் என்னவோ செய்கிறது. அந்த வுல்ஸ்டன் கதையை இன்று யாரும் நம்புவதில்லை.

ஜான் இந்த அறிவிப்பைக் கேட்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பே, மே மாதம், லண்டனில் இறந்துபோனார். உடலை நார்ஃபோக் வரை கொண்டுவந்து பிரோம்ஹோம் மடத்தில் அடக்கம் செய்தார்கள். அதன் செலவுக் கணக்கு அப்படியே இருக்கிறது. ஏல் என்ற மது மட்டும் 27 பீப்பாய், பீர் 13 பீப்பாய். ஆடுமாடு தோலுரிப்பதற்கென்றே மூன்று நாள் ஆள். சிரைக்கும் ஆளுக்கு ஐந்து நாள் கூலி. இன்னொரு வரி: தீவட்டிப் புகை வெளியே போவதற்காகத் தேவாலய ஜன்னலில் இரண்டு கண்ணாடியைக் கழற்றி, பிறகு மறுபடி பற்றவைத்த கண்ணாடிக்காரருக்கு 20 பென்னி. யாரோ இருமியிருக்கிறார்கள், யாரோ ஜன்னலைப் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் புகை மூட்டத்தை எந்தக் கல்வெட்டும் எனக்குக் காட்டியிருக்காது.

இவ்வளவு தடபுடலாக அடக்கம் செய்துவிட்டு மூத்த மகன் கல்லறைக்கல் வைக்கவில்லை. அவருக்கும் ஜான் என்றே பெயர், தம்பிக்கும் ஜான். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பெயர் வைத்து நம் உயிரை வாங்குகிறார்கள். வருடங்கள் போயின. அப்பாவுக்கு இன்னும் கல் வைக்கவில்லை, இது அவமானம், ஊர் பூராவும் இதைத்தான் பேசுகிறது என்று மார்கரெட் மகனுக்கு எழுதுகிறார். மூத்தவர் அரண்மனை விளையாட்டுப் போட்டிகளில் இருந்தார்.

அந்த மூத்தவருக்கு மார்கரெட் கொடுத்த இன்னொரு புத்திமதி இந்தக் கதை முழுவதற்கும் சாவி என்று எனக்குப் படுகிறது. கணவர் இறந்த சில மாதங்களில் எழுதியது: உன் அப்பா கஷ்ட காலத்தில் எந்தப் பொருளையும்விடத் தன் எழுத்துகளையும் பத்திரங்களையும்தான் பெரிதாக வைத்திருந்தார். அவை உன் கையைவிட்டுப் போனால் அதுபோல இன்னொன்று உனக்குக் கிடைக்கவே கிடைக்காது.

பாசத்துக்காக யாரும் இந்தக் கடிதங்களைக் கட்டி வைக்கவில்லை. நாளை ஒரு வழக்கில் உதவும் என்றுதான் வைத்தார்கள். அதனால்தான் மறைக்க வேண்டியதும் சேர்ந்து தங்கிவிட்டது. மகள் மார்ஜரியின் விவகாரம் அப்படித்தான் நம்மிடம் வந்திருக்கிறது. பண்ணைக் காரியஸ்தர் ரிச்சர்ட் கால். அவருடைய குடும்பம் ஃபிராம்லிங்கம் ஊரில் கடை வைத்திருந்தது. மார்கரெட் சொல்லச் சொல்ல எத்தனையோ கடிதங்களை எழுதிக் கொடுத்த கை அவருடையது. அவரும் மார்ஜரியும் யாருக்கும் தெரியாமல் வாக்குக் கொடுத்துத் திருமணம் செய்துகொண்டார்கள். எங்கள் வீட்டுப் பெண் ஃபிராம்லிங்கத்தில் மெழுகுவத்தியும் கடுகும் விற்க நான் சம்மதிக்க மாட்டேன் என்று அண்ணன் கொதித்தார். 1469இல் பிஷப் இருவரையும் தனித்தனியே விசாரித்தார். நான் சொன்ன வார்த்தைகள் போதாது என்றால் இப்போதே இன்னும் உறுதியாகச் சொல்கிறேன் என்றாள் மார்ஜரி. திருமணம் செல்லும் என்று ஆகிவிட்டது. தாய் வீட்டுக் கதவை அடைத்தார்.

தானிய மூட்டை மேல் உட்கார்ந்து போன கிளெமென்ட் இறந்து அப்போது ஐம்பது வருடம். கடுகு விற்பது கேவலமாகிவிட்டது.

ரிச்சர்ட் கால் இல்லாமல் கணக்கு வழக்கு ஓடவில்லை, அதனால் அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மருமகனாக அல்ல, காரியஸ்தராக. மார்கரெட் தன் உயிலில் மார்ஜரியின் மூத்த மகனுக்கு 20 பவுன் எழுதியிருக்கிறார். மனது மாறியது என்று சொல்ல அது போதுமா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதே 1469இல் நார்ஃபோக் கோமகன் கெய்ஸ்ட்டரை மூவாயிரம் பேரோடு முற்றுகையிட்டார். உள்ளே இளைய ஜானும் ஏறக்குறைய முப்பது பேரும். ஐந்து வாரம் தாக்குப்பிடித்து விட்டுக்கொடுத்தார்கள். 1476இல் கோமகன் திடீரென்று இறந்த பிறகுதான் கோட்டை திரும்பி வந்தது. நான் அங்கே போனது குளிர்காலத்தில், விசாரிக்காமல் போனது என் தப்பு. கேட் பூட்டியிருந்தது. ஒல்லியான செங்கல் கோபுரத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

இதற்கு மேல் ஏறுமுகம். அது எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. சர் பட்டம், ஆக்ஸ்நெட்டில் மாளிகை, நார்த் வால்ஷமில் 1606இல் பள்ளிக்கூடம் (பிற்பாடு நெல்சன் அங்கே படித்தார்), நான் பார்த்த அந்த ஓவியம். 1679இல் ராபர்ட் பாஸ்டன் யார்மத் ஏர்ல் என்ற உயர்ந்த பிரபுப் பட்டம் பெற்றார். அவர் மகன் அரசர் இரண்டாம் சார்ல்ஸின் மகளைக் கட்டினார், முறையாகப் பிறந்த மகள் அல்ல என்றாலும் அரசர் மகள்தானே. அந்த மகன் 1732இல் இறந்தபோது அவருக்கு முன்பே ஆண்பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். மலை மாதிரி கடன். பட்டம் அத்தோடு முடிந்தது. மாளிகையில் பெரும்பகுதியும் பின்னாளில் இடிந்தது.

1735இல் நார்ஃபோக் வரலாறு எழுதிக்கொண்டிருந்த பிளோம்ஃபீல்டு பாதிரியார் ஆக்ஸ்நெட் ஆவண அறைக்குள் போனார். வரலாற்றுக்கு உதவும் கடிதங்கள் எண்ண முடியாத அளவு உதிரித் தாள்களுக்கு நடுவே கிடக்கின்றன, அவற்றைப் பொறுக்கி அறையின் ஒரு மூலையில் குவித்திருக்கிறேன், பல சாக்கு தேறும் என்று எழுதினார். ஜான் பாஸ்டன் பொருளைவிடப் பெரிதென்று காத்தவை, சாக்குக் கணக்கில். சில கட்டுகள் அதற்கு முன்பே விலைக்குப் போயிருந்தன. அவை கைமாறி, ஒரு மருந்துக்கடைக்காரரிடம்கூட இருந்து, கடைசியில் ஜான் ஃபென் என்பவரிடம் வந்தன. 1787இல் அவர் முதல் இரண்டு தொகுதி அச்சிட்டார். ஒரு வாரத்தில் விற்றுத் தீர்ந்தது. மூலத்தை அரசருக்குக் கொடுத்தார், சர் பட்டம் கிடைத்தது, மூலம் காணாமல் போனது. 1865இல் ஒருவர் இதெல்லாம் போலி என்று எழுதினார். அதே வருடம் ஒரு தொகுதியின் மூலம் ஒரு வீட்டில் கிடைத்தது. 1875இல் இன்னொரு வீட்டில் சில. அரசருக்குக் கொடுத்தவை 1889இல் ஆர்வெல் பார்க் மாளிகையில். கேட்டவர்களுக்கே நம்பிக்கை வந்திருக்காது.

போன செப்டம்பரில் நண்பர் ஒருவர் காரைக் கொடுத்தார். பாஸ்டன் கிராமத்துக்குப் போனேன். 1581இல் கட்டிய பெரிய தானியக் களஞ்சியம் நாணல் கூரையோடு நிற்கிறது. உள்ளே விடமாட்டார்கள், அரிய வௌவால் இனம் ஒன்று அங்கே குட்டி போடுகிறது. தேவாலயத்தில் 1629இல் இறந்த கேத்தரின் பாஸ்டனின் பளிங்குச் சிலை, கன்னத்துக்குக் கை கொடுத்துச் சாய்ந்து படுத்திருக்கிறது. கிளெமென்டும் தன் உயிலில் இந்தத் தேவாலயத்துக்குள், மனைவி பியாட்ரிஸுக்குப் பக்கத்தில்தான் இடம் கேட்டிருந்தார். வடக்கு வாசலுக்கு அருகே தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாட்பிக்கும் அன்றே போவதாகத்தான் திட்டம். மார்கரெட் தன் முன்னோரோடு அங்கே அடக்கமாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர். அந்தத் தேவாலயத்தில் அவர் கேட்ட தெற்குப் பக்கமே இடிந்து, இப்போது வெறும் புல். அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுக் கடலோரச் சாலையில் விண்டர்ட்டன் பக்கம் திருப்பினேன். பேக்டன், வால்காட், ஹேஸ்ப்ரோ என்று சொல்லிவிட்டு ஏதோ ஒரு மாதிரி எழுதும் ஹேப்பிஸ்பர்க், சீ பாலிங், ஹார்சி. கார் நாற்பது நிமிடத்தில் போய்விடும் தூரம். சுமை வண்டிக்கு ஒரு பகல் முழுக்க ஆகியிருக்கும்.

விண்டர்ட்டனுக்குச் சற்று முன்னால் ஒரு பெயர்ப்பலகை: வெஸ்ட் சோமர்ட்டன். வண்டியை ஓரம் கட்டினேன். பியாட்ரிஸின் வீட்டுப் பெயர். தானியம் விற்க வந்த வழியில்தான் கிளெமென்ட் அவளைப் பார்த்தாரோ? இதற்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது, என் கற்பனைதான். பின்னால் ஒரு டிராக்டர் வந்து ஹாரன் அடித்தது. டிரெய்லர் நிறைய தானியம். நான் ஒதுங்கி வழி விட்டேன்.